சாம்பல் வீட்டுச் சாட்சி

ஏழூர்ப்பேட்டையில் எல்லா நிறத்துக்கும் விலை உண்டு, சாம்பலுக்கு மட்டும் கிடையாது என்று கடைவீதியில் சொல்வார்கள். பட்டுக்கடைக்குப் பத்துப் பேர் சேர்ந்து கல்யாணச் சேலை எடுக்க வந்தால் மயில் கழுத்தை விரிக்கச் சொல்வார்கள், மாம்பழ மஞ்சளைத் தடவிப் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்துச் சாம்பலை எடுத்து விரிக்கிற விற்பனையாளர் மறுநாள் கிட்டங்கியில் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீடு முழுக்கச் சாம்பலைப் பூசி, வெளியே பூட்டும் போட்டு, உள்ளே ஒரு பெண்ணை உட்கார்த்தி வைத்து, வியாபாரிகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு போய்வந்தார்கள் என்றால் அதில் லாபம் இல்லாமலா இருக்கும்?

அந்தப் பெண் சந்தனமாரி. அவள் பிறப்பதற்கு முன்பே ஊரில் எல்லோர் கண்ணிலும் வில்லை வந்துவிட்டது. பிள்ளைக்குக் காது குத்துவதற்கு முன்னால் கண்ணில் வில்லை பதித்துவிடுவார்கள். பிறகு அதைக் கழற்ற முடியாது, கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. வெயில் கூசாது, எழுத்து மங்காது. உலகத்தை அவரவர் மனசுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் மினுக்கியும் காட்டும். வம்பு அந்த மினுக்கில்தான் முளைத்தது. விற்றவர் கண்ணில் கத்தரிப்பூவாகத் தெரிந்த சேலை வாங்கியவர் கண்ணில் கருநீலம். சம்பந்தி வீட்டார் பந்தியில் பாதிச் சோற்றோடு எழுந்து போனார்கள். சரக்கு அனுப்பினால் அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லாமலே சண்டை போடுகிற வியாபாரத்தை எவர்தான் நடத்த முடியும்?

வியாபாரிகள் சங்கம் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. வில்லை இல்லாத ஒரு கண் சொல்வதுதான் இனி நிறம். நெய்கிற துணியில் ஓர் அடையாள இழை, சுவருக்கு அடிக்கிற பூச்சில் ஓர் அடையாளப் பொடி; சாயம் ஏறாவிட்டால் இரண்டும் வெறும் சாம்பல். அந்தக் கண்ணுக்கு உரியவர் ஒரு சரக்கைப் பார்த்து 'அரக்கு' என்றால் அந்தச் சொல் அப்போதே ஏழூர் வில்லைகளுக்கும் போய்ச் சேரும். அதற்குப் பிறகு அந்த இழையை எவர் பார்த்தாலும் ஒரே அரக்கு. சண்டைக்கு வழியே இல்லை.

வில்லை இல்லாத கண்ணுக்கு எங்கே போவது? சந்தனமாரியிடம்தான். பலமுறை வைத்துப் பார்த்தும் அவள் கண் வில்லையை ஏற்கவில்லை. வீங்கி, நீர் கோத்து, துப்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'மொட்டைக்கண்ணி' என்று பெயர். மாப்பிள்ளை வீட்டார் வந்து காப்பியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி. அந்த வீட்டுக்குச் சங்கத்துச் செயலாளர் ஆறுமுகநயினார் பழத்தட்டோடு வந்து நின்றபோது, யாரோ தன்னைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஒருவகையில் அதுவும் அப்படித்தான்.

நயினார் அண்ணாச்சி ஜவுளியும் பெயின்ட்டும் சேர்த்து வியாபாரம் செய்கிறவர். உள்ளங்கையில் வெல்லம் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசுவார். சாம்பல் பூசிய வீட்டில் இருக்க வேண்டும், வெளியே போகக் கூடாது, வேறு நிறம் கண்ணில் படக் கூடாது என்றெல்லாம் அவர் சொன்னபோது, வெள்ளை அடித்தால் ஆகாதா என்று அவள் கேட்டாள்.

"வெள்ளை கண்ணைக் கூச வைக்கும் தாயி. கறுப்புக்குப் பக்கத்துல எதை வச்சாலும் பளிச்சுன்னு பொய் சொல்லும். செவப்புச் சேலையைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்து வெறும் சாம்பத் துணியைப் பாரு, பச்சை ஓடும். கண்ணு அப்படித்தான், பக்கத்துல இருக்கவனோட சேந்து கெட்டுப்போவும். சாம்பல் ஒண்ணுதான் யாரு பக்கமும் பேசாது. நல்ல தரகன் மாதிரி."

"நல்ல தரகனை நீங்க எங்கயாவது பாத்திருக்கியளா அண்ணாச்சி?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் பேச்சுக்கு ஒரு பெரிய மனிதர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் விலை போனாள்.

சுவருக்குச் சாம்பல் கலப்பதே பெரும்பாடாக இருந்தது. கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் சாம்பல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கலந்து பூசினால் அதில் நீலம் எட்டிப் பார்க்கும். துளி காவி சேர்த்தால் நீலம் போகும், கை கொஞ்சம் கூடினால் சந்தனம் வந்து உட்காரும். பெயின்டர்கள் கண்ணில் வில்லை, அவர்களுக்கு எது தெரியும்? சந்தனமாரிதான் நடுவில் நின்றுகொண்டு, இன்னும் துளி, போதும், அந்த மூலையில் சாய்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சரிசெய்தாள். தன் சிறைக்குத் தானே நின்று சுவர் பூசிக்கொடுத்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கடைசியில் எந்தப் பக்கமும் சாயாத ஒரு சாம்பல் வந்தது. அவள் கைதட்டினாள். அந்தச் சத்தம் எதிரொலித்து அடங்குவதற்குள் வெளியே பூட்டினார்கள்.

கழுத்தில் ஒரு சாம்பல் மணி கட்டினார்கள். அவள் வாக்கு அதன் வழியாகத்தான் வில்லைகளுக்குப் போகும். உடுத்தச் சாம்பல் சேலை, படுக்கச் சாம்பல் பாய். ஜன்னலில் பால் போன்ற கண்ணாடி, அதில் வெளிச்சம் மட்டும் வரும், வானம் வராது. மஞ்சள்பொடி இல்லாத குழம்பு, தோல் சீவிய சுரைக்காய், மோர், இட்லி. தக்காளி வாசலைத் தாண்டாது. சமையலுக்கு வந்த ஆவுடையம்மாள் தினமும் நுழையும்போது ஈரத்துணியால் நெற்றிக் குங்குமத்தைத் துடைக்க வேண்டும். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது இது என்ன கூத்து என்று அவள் சங்கம்வரை போய் நின்றாள். பேரம் பேசி, உச்சி வகிட்டில் ஒரு பொட்டு வைத்து மேலே சாம்பல் துணியைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிந்தது. ஏழூர்ப்பேட்டையில் சாமியோடும் பேரம் பேசுவார்கள்.

ஒருநாள் சுரைக்காய் நறுக்கிக் கொடுக்கும்போது அரிவாள்மணையில் சந்தனமாரியின் விரல் கிழிந்தது. ஆவுடையம்மாள் பதறிக்கொண்டு துணியோடு ஓடிவந்தாள். சந்தனமாரி கையை விலக்கிக்கொண்டாள். ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சாம்பல் தரையில் விழுந்ததை, அது உறைந்து கறுத்துப்போகும் வரைக்கும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வலி அப்புறம்தான் வந்தது.

வழக்கு என்று வந்தால் இரண்டு துண்டுத் துணியைக் கொண்டுவருவார்கள். ஒன்று விற்றவர் அனுப்பியது. இன்னொன்று சங்கத்து அலமாரியில் இருக்கிற மூலத்துண்டு. அந்தக் காலத்துச் சாயத்தில் முக்கி எடுத்தது. இரண்டும் ஒன்றா இல்லையா என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னதும் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குத் தீபாவளி.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம். கூடப் பிறந்த பிரமு அக்கா செத்த அன்றைக்கும் கதவு திறக்கவில்லை. ஒரு தடவை வெளியே போய்விட்டு வந்தால் கண் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும், அதுவரை ஏழூர் வியாபாரமும் நிற்கும் என்றார்கள். மாலையையும் மஞ்சளையும் எடுத்துவிட்டு உடலை இங்கே கொண்டுவர முடியுமா என்று அக்கா வீட்டில் ஆள்விட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கப் போனவரை அத்தான் துடைப்பத்தோடு தெருமுனைவரை வழியனுப்பி வைத்தாராம். அக்காவின் ஒரே மகள் செண்பகா, அப்போது சிறுபிள்ளை. அவள் அம்மாவின் நெற்றியில் யாரோ காசு ஒட்டினார்கள் என்று ஆவுடையம்மாள் வந்து சொல்லித்தான் சந்தனமாரிக்கு எல்லாம் தெரிந்தது.

அதற்கு அடுத்து வந்த வழக்கில் அவள் பொய் சொன்னாள். மூலத்துண்டு நல்ல கிளிப்பச்சை. எதிரே இருந்தது நனைந்து காய்ந்த வெற்றிலை மாதிரி வெளுத்துக் கிடந்தது. இரண்டும் ஒன்று என்றாள். பொய் சொல்கிற சாட்சியை யார் வைத்துக்கொள்வார்கள்? நாளைக்கே வாங்கினவர் வந்து வாசலில் கத்துவார், சங்கம் கூடும், இவளுக்குக் கண் கெட்டுவிட்டது என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். அந்தத் தள்ளலுக்காக அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்திருந்தாள்.

வாங்கினவர் மறுநாள் வந்தார். சாம்பல் பூசணிக்காய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, தாயி சொன்ன பிறகுதான் பார்த்தேன், அச்சு அசல் கிளிப்பச்சை, நேற்று எனக்குத்தான் கண் தவறியிருக்கிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் பின்னால் நயினார் அண்ணாச்சி நின்றிருந்தார். நடுத்தெருவில் யாரோ விட்டுப்போன பையைக் கண்டவர் நாலு பக்கமும் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவ்வளவுதான்.

அப்புறம் அவள் எதைக் காட்டினாலும் சரி என்றாள். வரவர வந்த துணிகளில் சாயம் குறைந்துகொண்டே வந்தது. நம்மைச் சோதிக்கிறார்கள், இந்தத் தடவை பிடித்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஆசையாக நம்பினாள். அவர்களோ வருஷத்துக்கு ஒரு தடவை சால்வை போர்த்தினார்கள். அதுவும் சாம்பல் சால்வை.

வருஷங்கள் ஓடி, ஒரு தை மாதம் வளர்ந்த பெண்ணாகச் செண்பகா வந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை சித்தியைப் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. வாசலில் பூவையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, கழுத்துமுதல் கால்வரை சாம்பல் அங்கி போட்டுக்கொண்டு, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றாள். மாப்பிள்ளை படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவராம், பேர் தளவாய். அதிகம் பேசமாட்டாராம்.

"பேசாதவனா? நம்ம ஊர்ல எப்படிப் பொழைப்பான்?"

"அதான் என்னைக் கட்டுதாவ," என்றாள் செண்பகா. சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "சித்தி, அம்மா இடத்துல நீங்க வந்து நிக்கணும். சேலை அரக்கு, பச்சைக் கரை. நான் கட்டிட்டு வந்து முதல்ல உங்களத்தான் கும்பிடணும். வேற யாரையும் அங்க நிக்க வைக்க மாட்டேன்னு அப்பாட்ட சொல்லிட்டேன்."

 செண்பகா போன பிறகு சந்தனமாரி நயினார் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினாள்.

ஏழூர்ப்பேட்டையில் பெரிய பேரங்களை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு விரலை அழுத்திப் பேசுவார்கள். வாய் தன்பாட்டுக்கு மழை தண்ணியைப் பற்றியும் பேரன் படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். விரல் அழுத்தினால் கேட்பது, சுண்டினால் குறைப்பது, உள்ளங்கையை உள்ளங்கையில் முழுக்கப் பதித்தால் எல்லாவற்றையும் கொடு என்று அர்த்தம். அப்படி யாரும் கேட்பதில்லை; கேட்டால் பேரத்துக்கு வந்தவன் இல்லை, வம்புக்கு வந்தவன்.

சந்தனமாரி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முதலில் முழு விடுதலை கேட்பது. அவர் பதறுவார். மெதுவாக இறங்கி இறங்கி, கடைசியில் கல்யாணத்துக்கு ஒருநாள் என்று முடிப்பது. அவள் அப்பா வெங்காயத் தரகர்; தரகர் மகளுக்கு இதுகூடத் தெரியாதா? துண்டுக்கு அடியில் அவர் கையில் தன் உள்ளங்கையை முழுக்கப் பதித்தாள். வாயால், "ஆத்துல தண்ணி வருதா அண்ணாச்சி?" என்றாள்.

"நல்லா வருது தாயி. தெளிஞ்சு வருது," என்றவர், அவள் கையை முழுக்கப் பற்றி மூடினார். சரி என்று அர்த்தம்.

 முதல் விலைக்கே சரக்கைத் தூக்கிக் கொடுக்கிறவன் ஒன்று பைத்தியக்காரன், இல்லையென்றால் அந்தச் சரக்கை எப்போதடா தள்ளிவிடலாம் என்று காத்திருந்தவன். நயினார் அண்ணாச்சி பைத்தியக்காரர் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். அதை மட்டும் துண்டை எடுத்துவிட்டு வாயாலேயே சொன்னார். கல்யாண மண்டபத்தில், ஊர் நடுவில், பெண்ணின் சேலையைப் பார்த்து அவள் நிறம் சொல்ல வேண்டும். அது கடைசி வாக்கு. கடைசி வாக்கு என்று அவள் ஒப்புக்கொண்டால் அதுவரை சொன்னதெல்லாம் அப்படியே நிலைக்கும். சாட்சி வேலையும் அதோடு முடியும். பூட்டு கிடையாது, எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒரு வார்த்தைதானே என்றாள் அவள். ஒரே ஒரு வார்த்தைதான் தாயி என்றார் அவர்.

கல்யாணத்தன்று ஜன்னல் மூடிய வண்டியில் அழைத்துப் போனார்கள். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டாள். மண்டப வாசலில் கதவு திறந்தது. அவள் இறங்கிப் பார்த்தாள்.

பந்தல் துணி சாம்பல். தரைவிரிப்பு சாம்பல். எதிர்த்த கடைகளின் பெயர்ப்பலகை, சுவர், கதவு, போகிற வருகிற பெண்களின் சேலை, ஆண்களின் சட்டை, எல்லாம் வெளுத்த சாம்பல். கண் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். இத்தனை வருஷம் அடைத்து வைத்ததில் அவிந்துவிட்டது. அப்போது வாசலில் கட்டியிருந்த வாழைமரம் கண்ணில் பட்டது. பச்சை அவளை அறைந்தது. தோரணத்தில் மாவிலை, கூடையில் செவ்வந்தி, யாரோ ஒருத்தியின் கன்னத்தில் மஞ்சள். மேலே வானம், நீலமாக. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மனிதன் நெய்ததும் பூசியதும் மட்டும்தான் செத்துக் கிடந்தன.

நயினார் அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். அவர் சட்டையும் சாம்பல்தான்.

"சாயம் எங்க அண்ணாச்சி?"

"சாயப்பட்டறை எல்லாம் மூடியாச்சே தாயி. எதுக்கு அது? முக்கினாலும் நீங்க சொன்ன நிறந்தான் தெரியுது, முக்காட்டாலும் அதே நிறந்தான் தெரியுது. கிளிப்பச்சை வழக்குலதான எங்களுக்கே புத்தி வந்துச்சு." குரலில் குத்தல் இல்லை, நன்றிதான் இருந்தது. "தப்பா நினைக்காதிய. ஆத்துல கழிவு போகல. அந்தப் பக்கத்துப் பிள்ளையளுக்குச் சொறி செரங்கு இல்ல. சேலை விலையும் பாதியாச்சு. யாருக்கு நஷ்டம், சொல்லுங்க?"

 வெளியே வருவதற்காகச் சொன்ன பொய்தான் வெளியே முழுக்கச் சுவர் பூசியிருந்தது. கொஞ்சநஞ்சம் சாயம் இருந்ததெல்லாம் சங்கத்து அலமாரியில், மூலத்துண்டுகளில்தான் இருந்தது.

மேடையில் செண்பகா நின்றாள். பக்கத்தில் தளவாய், அண்ணாச்சி சொன்ன பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆயிரம் கண் அவள் சேலையில்தான் இருந்தது. என்ன அரக்கு, என்ன அரக்கு என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சந்தனமாரி பார்த்தது அடுப்படியில் அள்ளிய சாம்பலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணை. செண்பகா குனிந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நயினார் அண்ணாச்சி கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினார். சாட்சியம்மா கடைசி வாக்குச் சொல்லப் போகிறார்கள் என்றார்.

பொய் சொல்லிப் பழகிய வாய்தான் அது. அன்றைக்கு என்னவோ புரளவில்லை.

"இது சாம்பல்," என்றாள். "இந்தச் சேலை மட்டுமில்ல. இந்த ஏழூர்ல நெய்ததும் பூசுனதும் எல்லாம் சாம்பல்."

மணி அதை எடுத்துக்கொண்டு போனது. மண்டபம் ஒரே மூச்சில் அணைந்தது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். ஒரு பெண் தன் மார்பின் மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்துக்கொண்டாள், உடுத்தியிருந்தது உருவப்பட்டதுபோல.  அந்தச் சாம்பலின் நடுவில் முகங்கள் மட்டும் மிதந்தன. வெற்றிலை போட்ட உதடுகள், மருதாணிக் கைகள், கொண்டைப் பூக்கள். சந்தனமாரிக்கு அது புதிதில்லை. மற்றவர்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் அத்தான்தான் வந்தார். "மாரி, எம்புள்ள கல்யாணத்துல ஏம்மா சாம்பலைக் கொட்டுத? அவ அம்மா இருந்தா இப்படிச் செய்வாளா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாப்பிள்ளையின் தாயார் அபசகுனம் என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ, நல்ல நேரம் போகுது, மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். ஏன் சாம்பல், எப்போதிலிருந்து சாம்பல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நயினார் அண்ணாச்சிக்கு வியர்க்கவே இல்லை. அருகே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "இதையே கடைசி வாக்குன்னு வச்சுக்கிடலாம் தாயி. எங்களுக்கு ஒண்ணுமில்ல, சாம்பலையும் வித்துக்கிடுவோம். இந்தப் புள்ளதான் ஆயுசுக்கும் சாம்பச் சேலையில தாலி கட்டுனவளா நிக்கும். யோசிச்சுக்கிடுங்க."

சந்தனமாரி செண்பகாவைப் பார்த்தாள். பெண்ணின் கண் நிறைந்து, மஞ்சள் பூசிய கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. தளவாய் அசையாமல் அவளையே வெறித்துக்கொண்டிருந்தான். அவமானத்தில் பெண் அழுகிறாள், அதிர்ச்சியில் மாப்பிள்ளை விறைத்துவிட்டான் என்று சந்தனமாரி கணக்குப் போட்டாள். அம்மா இடத்தில் வந்து நில் என்று கூப்பிட்ட பிள்ளை. இந்தப் பிள்ளைக்கு நான் செய்தது இதுதானா?

"அரக்கு," என்றாள். "பச்சைக் கரை. எல்லாம் முன்னே எப்படியோ அப்படி."

ஆ என்று ஒரு பெருமூச்சு மண்டபம் முழுக்கப் பரவியது. சிரிப்பும் பேச்சும் திரும்பின. வில்லைக்கு ஏதோ கோளாறு என்று ஒருவர் சொல்ல, ஆமா ஆமா, எனக்கும் ஒரு நொடி மங்கியது என்று பத்துப் பேர் ஒத்துக்கொண்டார்கள். அவளுக்கு எல்லாம் சாம்பலாகவேதான் இருந்தது.

"இதுதான் கடைசி வாக்கா தாயி?"

"ஆமா."

"சந்தோஷம். வீட்டைத் திறந்து போட்டாச்சு. நீங்க உங்க இஷ்டம்போல இருக்கலாம்." அவள் மணியைக் கழற்றப் போனாள். அவர் தடுத்தார். "அது கெடக்கட்டும், வச்சுக்கிடுங்க. உங்க கழுத்துக்கு அழகா இருக்கு." நயினார் அண்ணாச்சி ஒருவருக்குச் சும்மா கொடுத்த பொருள் அவள் அறிய அது ஒன்றுதான்.

கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறியது. பந்தியில் அவளுக்கு முன்னால் தலைவாழை இலை விரித்தார்கள். அவள் சோற்றை வாங்காமல் அந்த இலையின் நரம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமாறுகிறவர் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார்.

செண்பகா மாலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தனமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டேன், உன்னை எல்லோர் முன்னாலும் அழவைத்துவிட்டேன் என்றாள்.

"ஐயோ, அதுக்கா நான் அழுதேன்?" செண்பகா குரலைத் தாழ்த்தினாள். "சித்தி, நிச்சயம் பண்ணுன நாள்ல இருந்து அவுக என் மூஞ்சியச் சரியாப் பாத்ததே இல்ல. சேலையப் பாப்பாவ, பந்தலைப் பாப்பாவ, நாலு பக்கமும் மினுங்குததைப் பாப்பாவ. நானும் அப்படித்தான். நீங்க சாம்பல்னு சொன்னிய பாருங்க, அப்ப எல்லாம் அடங்கிப்போச்சு. அவுக மூஞ்சி மட்டும் இருந்துச்சு. கன்னத்துல ஒரு மச்சம் இருக்கு, எனக்குத் தெரியவே தெரியாது. அவுகளும் என்னையே பாத்துட்டு நின்னாவ. பாத்தியள்ல?"

சந்தனமாரி பார்த்திருந்தாள்.

"இப்பவும் பாக்காவ. ஆனா எங்க பாக்காவன்னு தெரியல, கண்ணு சேலையில வழுக்கிட்டுப் போவுது." பந்தியின் மறுகோடியில் தளவாய் நின்றுகொண்டிருந்தான். செண்பகா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "சித்தி, இன்னொரு தடவை சொல்லுதியளா? சத்தமா வேண்டாம். எங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

 பிள்ளை கேட்டுவிட்டதே என்று சந்தனமாரி, "சாம்பல்," என்றாள். மணி அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

செண்பகா இமைக்காமல் தளவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாயச வாளி அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"சொல்லுங்க சித்தி," என்றாள்.